பணம் யார் கையில்? பெண்களின் சிறுதொழிலும் குடும்பத்தின் கணக்கும்

1. தொடங்குகிறார்கள், பெருகவில்லை

பெண்கள் தொழில் செய்ய முன்வருவதில்லை என்ற கூற்றுக்குத் தமிழ்நாட்டில் ஆதாரமில்லை. 2013-14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்கள் நடத்திய தொழில்கள் சுமார் 80.5 லட்சம். நாட்டிலுள்ள மொத்தத் தொழில்களில் இது 13.76 சதவீதம். இந்த 80.5 லட்சத்தில் 13.51 சதவீதம் தமிழ்நாட்டில் இருந்தன. மாநிலங்களில் முதலிடம் நமக்குத்தான்.

அதே கணக்கெடுப்பின் அடுத்த பக்கங்கள் கவலை தருபவை. பெண்கள் நடத்தும் தொழில்களில் 83 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் சம்பளத்துக்கு ஓர் ஆள்கூட இல்லை. ஏறக்குறைய 79 சதவீதம் சொந்தக் காசில் நடந்தவை. பத்தாண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மத்திய அரசின் உத்யம் தளத்தில் 2024 தொடக்கம் வரை நடந்த தொழில் பதிவுகளைப் பார்த்தால், பதிவுபெற்ற குறு, சிறு, நடுத்தரத் தொழில்களில் பெண்களுடையவை 20.5 சதவீதம். மொத்த விற்றுமுதலில் அவற்றின் பங்கு 10.22 சதவீதம் மட்டுமே. வேலைவாய்ப்பில் 18.73 சதவீதம். எண்ணிக்கையில் ஐந்தில் ஒன்று, வரவில் பத்தில் ஒன்று.

ஆகவே, பெண்களை எப்படித் தொழிலுக்குக் கொண்டுவருவது என்பதை விட, தொடங்கிய தொழில் ஏன் தொடங்கிய அளவிலேயே நின்றுவிடுகிறது, எது அதை வளர்க்கும் என்று கேட்பதே பொருத்தம். வழக்கமான விடைகள் மூன்று: கடன் கொடு, பயிற்சி கொடு, தன்னம்பிக்கை ஊட்டு. கடந்த இருபது ஆண்டுகளில் இம்மூன்றும் களத்தில் கறாராகச் சோதிக்கப்பட்டுள்ளன. அந்தச் சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தெளிவாகும் கருத்து ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் தொழில், அவளுடைய குடும்பத்தின் செலவுக்கணக்கிலிருந்து பிரிந்து தனக்கென ஒரு கணக்கும் நேரமும் வாங்குபவரும் பெறும்போதுதான் வளர்கிறது. இவை இல்லாத இடத்தில் கடனும் பயிற்சியும் கரைந்துபோகின்றன.

2. கடன் என்ற முதல் விடை

பெண்களுக்குக் கடன் தரலாம், அவர்கள் திருப்பிக் கட்டுவார்கள் என்பதை நிறுவியதே ஒரு பெரும் போராட்டம். எலா பட் 1972இல் அகமதாபாத்தில் சுயதொழில் பெண்களுக்காகத் தொடங்கிய சேவா அமைப்பு, 1974இல் தன் உறுப்பினர்களுக்கென ஒரு வங்கியையே நிறுவியது. 1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். மீன், காய்கறி, பூ விற்ற பெண்கள் கந்துவட்டியிலிருந்து வெளியே வர அது வழி தேடியது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் சுயஉதவிக் குழுக்கள் உருவாயின. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. 1997-98இல், இத்தகைய குழுக்களை அமைக்கும் மாநில அரசின் மகளிர் திட்டம் தமிழ்நாட்டில் பரவலாயிற்று. வங்கிப் படியேறியிராத பெண்கள் குழுவின் ஊக்குநராகவும் பிரதிநிதியாகவும் மேலாளரின் எதிரில் அமர்ந்து தீர்மான நோட்டைக் காட்டிப் பேசியது எளிய மாற்றமன்று. அதை மறுப்பவர்கள் அக்காலத்து வங்கிக் கிளைகளை அறியாதவர்கள்.

ஆனால் கடன் கிடைத்ததால் தொழில் வளர்ந்ததா? இதற்கு விடைதேடிய ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது ஹைதராபாத்தில் நடந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், சிந்தியா கின்னன் ஆகியோர் 104 குடியிருப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தனர். குலுக்கல் முறையில் 52 பகுதிகளில் மட்டும் நுண்கடன் நிறுவனம் கிளை திறந்தது. 2015இல் வெளியான முடிவுகள் மிதமானவை. கிளை வந்த பகுதிகளில் மக்கள் வீட்டு உபயோகப் பொருட்களையும் தொழிற்கருவிகளையும் கூடுதலாக வாங்கினார்கள். ஏற்கெனவே நன்றாக நடந்த தொழில்களின் லாபம் கூடியது. சராசரிக் குடும்பத்தின் நுகர்வு மாறவில்லை. வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கும் மாறவில்லை.

நுண்கடன் வறுமையை ஒழிக்கும் என்ற பெருமுழக்கத்தை இந்த ஆய்வு அடக்கியது. அதே வேளையில் கடன் பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் தவறு. கடன் ஏற்கெனவே ஓடும் தொழிலுக்கு உதவுகிறது. தொழிலே இல்லாத இடத்தில் அது தொழிலை உருவாக்கிவிடுவதில்லை.

3. இலங்கையில் எழுந்த புதிர்

இதைவிட ஆழமான கேள்வி கடலுக்கு அப்பால் எழுந்தது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய மூவரும் 2005 முதல் இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் மிகச் சிறிய தொழில்களை ஆராய்ந்தனர். பெட்டிக்கடை, தையல், லேஸ் பின்னல், ஆப்பமும் இடியாப்பமும் செய்து விற்பது போன்ற தொழில்கள் அவை. குலுக்கலில் தேர்வானவர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் மதிப்புள்ள பணமோ பொருளோ இனாமாகத் தரப்பட்டது. வட்டியில்லை, தவணையில்லை. சராசரியாகப் பார்த்தால், போட்ட முதலுக்கு மாதம் சுமார் 5 சதவீத லாபம் வந்தது. வங்கி வட்டியைவிட இது பன்மடங்கு. ஆனால் இந்த லாபம் முழுவதும் ஆண்களின் தொழிலில் வந்தது. பெண்களின் தொழிலில் கூடுதல் முதலுக்கு லாபமே இல்லை.

இந்த முடிவு வெளியானபோது பலரும் எளிய விளக்கங்களைத் தேடினர். பெண்களுக்குத் திறமை குறைவு, துணிச்சல் குறைவு, லாபம் குறைந்த தொழில்களையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றனர். ஆய்வாளர்கள் கிடைத்த தரவைக் கொண்டு இவற்றைப் பரிசோதித்தபோது திறமையும் துணிச்சலும் இடைவெளியை விளக்கவில்லை. தொழில்வகை ஓரளவு விளக்கியது.

விடை கிடைக்கப் பத்தாண்டானது. அரியெல்லா பெர்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே, நட்டாலியா ரிகோல் ஆகியோர் 2019இல் இந்த இலங்கைத் தரவையும், கானாவிலும் கொல்கத்தாவிலும் நடந்த சோதனைகளின் தரவுகளையும் மீண்டும் எடுத்து, முன்னர் யாரும் முன்வைக்காத ஒரு கேள்வியைக் கேட்டனர்: அந்தப் பெண்ணின் வீட்டில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா? கணவரும் தொழில் செய்யும் வீடுகளில் பெண்ணுக்கு வந்த முதல் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் தொழில் செய்பவர் அவள் ஒருத்திதான் என்ற குடும்பங்களில், பெண்ணின் தொழிலும் ஆணின் தொழிலுக்கு இணையாக லாபம் தந்தது. பெண் திறமையற்றவள் என்று வாசிக்கப்பட்ட எண்கள், உண்மையில் பணம் எந்தப் பையில் விழுந்தது என்பதைச் சொல்லியிருக்கின்றன. இத்துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுவே என்பது என் கருத்து.

இது வங்கதேசத்தில் முன்பே நடந்த ஒரு விவாதத்தின் தொடர்ச்சி. கிராமப்புறப் பெண்களின் பெயரில் வாங்கிய கடன்களில் பெரும்பாலானவற்றில் அப்பெண்களுக்கு முழுக் கட்டுப்பாடு இல்லை என்று ஆன் மேரி கோட்ஸும் ரினா சென் குப்தாவும் 1996இல் காட்டினர். நைலா கபீர் இதை வேறுவிதமாகப் பார்த்தார். கணவரின் தொழிலில் முதலிடுவதும் பெண் சிந்தித்து எடுக்கும் முடிவாக இருக்கலாம், கடனைக் கொண்டுவந்தவள் என்பதால் வீட்டில் அவள் மதிப்பு உயரவும் கூடும் என்பது அவர் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. குடும்பத்தின் மொத்த வருமானம் கூடினால் பெண்ணுக்கும் பயன்தானே என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கணவன் இறந்தாலோ பிரிந்தாலோ குடித்தாலோ அந்தத் தொழில் யாருடையது? கடன் பத்திரத்தில் கையெழுத்து யாருடையது? இங்கே கபீரின் வாதம் வலுவிழக்கிறது.

பணம் வரும் வழியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை எம்மா ரைலி உகாண்டாவில் பரிசோதித்தார். பிராக் என்ற நுண்கடன் நிறுவனத்தில் கடன் வாங்கிய ஏறத்தாழ 3,000 பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கடன் தொகை ரொக்கமாகத் தரப்படாமல், அவர்கள் மட்டும் இயக்கும் செல்பேசிக் கணக்கில் செலுத்தப்பட்டது. கடன் தொகை அதேதான், வட்டியும் அதேதான். எட்டு மாதங்களுக்குப் பிறகு அவர்களின் தொழில் லாபம் ரொக்கம் பெற்றவர்களைவிட 15 சதவீதம் அதிகமாக இருந்தது. வீட்டில் பணம் கேட்டு நெருக்கடி இருந்த பெண்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். மத்தியப் பிரதேசத்தில் நூறுநாள் வேலைக் கூலியைப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் செலுத்தி, கணக்கைக் கையாளவும் கற்றுத்தந்த ஆய்வும் இதையே வேறு கோணத்தில் காட்டியது. அப்பெண்கள் அதிகமாக வேலைக்குப் போனார்கள்.

நம் ஊரில் இதன் பொருள் என்ன? கணக்கு அவள் பெயரில் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் ஆம் என்ற பதில் வரும். ஏடிஎம் கார்டு யாரிடம், ஓடிபி எந்தக் கைப்பேசிக்கு வருகிறது, கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை யாருடைய கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். திட்ட அறிக்கைகள் இவற்றைக் கேட்பதே இல்லை.

4. தவணையும் மாவும்

கடனின் அளவைப் போலவே அதன் தவணைமுறையும் தொழிலின் தன்மையைத் தீர்மானிக்கிறது. வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஒரு பெண்ணின் வாரத்தை நெருங்கிப் பார்ப்போம். அரிசியும் உளுந்தும் மளிகைக்கடையில் ரொக்கத்துக்கு வாங்க வேண்டும். முந்தின நாள் ஊறவைத்து, அரைத்து, விடியற்காலையில் பாக்கெட் போட்டுக் கடைகளில் வைத்துவிட்டு வருகிறாள். கடைக்காரர் விற்றபிறகே காசு தருவார். புளித்து விற்காமல்போன பாக்கெட்டுகள் திரும்பி வரும், நட்டம் அவளுடையது. கோடையில் இரண்டாம் நாளே மாவு புளித்துவிடும். மின்வெட்டு வந்தால் அன்றைய அரைப்பே தடைப்படும். பெரிய கிரைண்டர் வாங்கக் கடன் எடுத்தால், கிரைண்டருக்கேற்ற அளவு கடைகளைப் பிடிக்கச் சில மாதங்களாவது ஆகும். நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணையோ கடன் கைக்கு வந்த மறுவாரமே தொடங்கிவிடுகிறது. முதல் சில வாரங்களின் டியூவைக் கட்ட, வாங்கிய கடனிலேயே ஒரு பகுதியை எடுத்து வைக்கிறாள். மீதியில் பெரிய கிரைண்டர் வராது. பழையபடி சின்ன கிரைண்டரே ஓடுகிறது. நாளும் காசு புரளும் சில்லறை வியாபாரத்துக்கு மட்டுமே இந்தத் தவணைமுறை பொருந்துகிறது.

2007இல் கொல்கத்தாவில் ஃபீல்டும் பாண்டேயும் இணை ஆய்வாளர்களும் இதை நேரடியாகச் சோதித்தனர். வழக்கமாக இரண்டு வாரத்தில் தொடங்கும் முதல் தவணையைச் சிலருக்கு இரண்டு மாதம் தள்ளிவைத்தனர். அவகாசம் பெற்ற பெண்களிடையே புதுத் தொழில் தொடங்கியோர் கூடினர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களின் தொழில் லாபமும் குடும்ப வருமானமும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. ஆனால் கடனைக் கட்டத் தவறியோரின் விகிதமும் கூடியது. பெண்ணுக்கு நன்மையான கடன், கொடுப்பவருக்கு அபாயம் கூடிய கடன். 'நூறு சதவீத வசூல்' என்ற பெருமிதத்தின் விலையைப் பெண்களின் தொழில்கள்தான் கொடுத்துவருகின்றன என்று இதை நான் வாசிக்கிறேன்.

தமிழ்நாட்டின் வட மாவட்டக் கிராமங்களில் நீண்டகாலம் களப்பணி செய்த இசபெல் கெரானும் அவருடைய இணை ஆய்வாளர்களும், 2023இல் வெளியான தங்கள் நூலில் பெண்கள் கடனாளிகளாக வாழும் வாழ்வை விரிவாக எழுதியுள்ளனர். குடும்பத்தின் கடனை ஏற்பாடு செய்வதும் ஒரு கடனை வாங்கி மற்றொன்றை அடைப்பதும் அவமானத்தைத் தாங்குவதும் பெண்ணின் கூலியில்லா வேலையாகிவிட்டன. கே. கல்பனா தமிழ்நாட்டின் குழுக்கள் பற்றிய தம் ஆய்வில், அரசும் வங்கியும் செய்ய வேண்டிய பணிகள் பெண்களின் தோளில் இறங்கியதைக் காட்டுகிறார். வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தொழிலுக்கென்று பெயரிட்டு வரும் கடனில் எவ்வளவு மருத்துவத்துக்கும் கல்விக்கட்டணத்துக்கும் காதுகுத்துக்கும் பழைய கடனுக்கும் போகிறது என்பதை அறியாமல், அதைத் தொழில்முனைவு என்று கணக்கெழுதுவது நேர்மையாகாது.

5. பயிற்சியும் உடன்வரும் தோழியும்

பயிற்சி குறித்த சான்றுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அவை ஏமாற்றம் தருபவை. இலங்கையில் தொழில் நடத்திவந்த பெண்களுக்குத் தந்த பயிற்சியால் மட்டும் லாபம் உயரவில்லை. பயிற்சியோடு பணமும் தந்தபோது முதலில் உயர்ந்த லாபம் இரண்டாம் ஆண்டில் மறைந்தது. புதிதாகத் தொடங்க நினைத்தவர்களுக்குப் பயிற்சி ஓரளவு உதவியது. டோகோ நாட்டில் கணக்கு எழுதுதல், விலை வைத்தல் போன்ற வழக்கமான பயிற்சியைவிட, வாய்ப்புகளைத் தானே தேடிச்செல்லும் முனைப்பை வளர்த்த பயிற்சி நல்ல பலன் தந்தது. அதில் லாபம் சராசரியாக 30 சதவீதம் கூடியது.

ஆனால் அகமதாபாத்தில் சேவா வங்கி நடத்திய இரண்டுநாள் பயிற்சி தனியாக நின்று யோசிக்கத் தக்கது. சில பெண்கள் தனியாக வந்தனர், சிலர் ஒரு தோழியை அழைத்து வரலாம் என்று சொல்லப்பட்டது. பாடம் ஒன்றுதான். தோழியோடு வந்தவர்களே பிறகு தொழிலுக்குக் கடன் எடுத்தார்கள், அவர்கள் வீட்டு வருமானமே உயர்ந்தது. பெண் தனியே வெளியே போவதைக் கட்டுப்படுத்தும் சமூகங்களிலிருந்து வந்தவர்களிடம் இந்த விளைவு மிகுதி. சந்தைக்குப் போகும்போதும் வங்கியில் காத்திருக்கும்போதும் துணைக்கு ஒருத்தி இருந்தால், வீட்டில் எழும் கேள்விகள் பாதியாகக் குறைகின்றன. நம் சுயஉதவிக் குழுக்களின் உண்மையான பலமும் இதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். குழு கடன் வசூலிக்கும் கருவியாகச் சுருங்கும்போது, தோழி ஜாமீன்தாரராகிறாள். கட்டாதவள் வீட்டு வாசலில் வந்து நிற்பவளும் அவளே. பலமாக இருந்த உறவு அங்கே முறிகிறது.

6. நேரம், பேருந்து, குழந்தை

உகாண்டாவில் பெண்கள் நடத்தும் கடைகளை ஆராய்ந்த சொலேன் டெலகூரும் ஆன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் கைக்குழந்தையோடு கடைக்கு வருவதையும் அவர்களின் லாபம் மற்றப் பெண்களின் லாபத்தில் ஏறக்குறைய பாதியாக இருப்பதையும் கண்டனர். தமிழ்நாட்டின் அங்கன்வாடிகள் சத்துணவுக்கும் முன்பருவக் கல்விக்கும் அமைந்தவை. மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளையும் ஏற்று, மதியத்துக்குப் பிறகும் வைத்துக்கொள்ளும் காப்பகம் கடைத்தெருவுக்கு அருகே இருந்தால், அதைத் தொழில் உதவி என்றே கருத வேண்டும்.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். பெண் ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு மதிப்பிட்டது. மிச்சமாகும் காசைவிட முக்கியமானது, வீட்டில் யாரிடமும் பேருந்துக் கட்டணம் கேட்காமல் மொத்தச் சந்தைக்குப் போய் விலை விசாரித்து வர முடிகிறது என்பது. தெருமுனைக் கடைக்காரர் சொல்லும் விலையே விலை என்றிருந்த நிலை இதனால் தளர்கிறது.

7. வாங்குபவர் யார்?

இத்துறை ஆய்வுகளில் குறைவாகப் பேசப்படுவது சந்தை. பெரும்பாலான சோதனைகள் பெண்ணிடம் எதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கின்றன. அவளிடமிருந்து யார் வாங்குவார்கள் என்பதைப் பார்ப்பவை மிகக் குறைவு. ஒரே தெருவில் நான்கு பேர் தையல் பயிற்சி முடித்தால் நால்வருக்கும் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க அதே தெருவில் ஆளிருக்குமா?

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல விடைகள் உண்டு. பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களையும் 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் சமையலையும் குழுப் பெண்களே நடத்துகிறார்கள். மத்திய அரசு 2018 முதல், தன் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் செய்யும் கொள்முதலில் 3 சதவீதம் பெண்களின் குறு, சிறு தொழில்களிடமிருந்து வர வேண்டும் என்று வகுத்துள்ளது. அரசு வாங்கினால் தொழில் நிலைத்து நிற்கும்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. உணவகத்தில் நாட்கூலிக்குச் சமைக்கும் பெண்ணைத் தொழில்முனைவோர் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொருளின் விலையையோ அளவையோ அவள் தீர்மானிப்பதில்லை. சீருடை தைப்பவர் துண்டுக்கு இத்தனை ரூபாய் என்ற கூலி பெறுபவர். இவை நல்ல வேலைகள், காக்கப்பட வேண்டியவை. ஆயினும் வேலைவாய்ப்பையும் தொழிலையும் ஒரே தலைப்பில் எண்ணினால், தொழில் வளரவில்லை என்ற உண்மை மறைந்துவிடும். 1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் பப்படத்தில், அப்பளம் இடுபவர்களே உடைமையாளர்கள், லாபமும் அவர்களுக்கே. அரசுக் கொள்முதலை அத்தகைய கூட்டு உடைமையோடு இணைக்க வாய்ப்பிருக்கிறது.

8. விடுதலைப் பத்திரம்

சுயஉதவிக் குழுக்களுக்கு அடமானமின்றி 20 லட்சம் ரூபாய் வரை கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2021இல் வரம்பை உயர்த்தியது. அது 12 முதல் 20 பேர் பிரித்துக்கொள்ளும் தொகை. தனியொரு பெண் இயந்திரம் வாங்கி, ஆள் வைத்து, கடை பிடிக்க வேண்டுமென்றால் தனிக்கடன் வேண்டும். வங்கி அங்கே சொத்துப் பத்திரம் கேட்கிறது. பெரும்பாலான பெண்களிடம் இருப்பது நகை மட்டுமே. அதுவும் வீட்டில் ஒரு நெருக்கடி வந்ததும் முதலில் அடகுக்குப் போவது.

இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை தரும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. நாடு முழுமைக்கும் அது 2005இல்தான் வந்தது. எனினும் 'சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று' என்று சொல்லி பெண் தன் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அந்தக் கையெழுத்தோடு அவளுடைய எதிர்கால வங்கிக்கடனும் கைவிட்டுப்போகிறது. பெண் தொழில்முனைவோர் பற்றிய கொள்கை ஆவணங்களில் இந்தப் பத்திரத்துக்கு இடமே இல்லை என்பது பெருங்குறை.

10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிவு செய்தால் பதிவுக்கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு என்ற சலுகை 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்துள்ளது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இலங்கைத் தரவு கற்பித்த பாடம் இதற்கும் பொருந்தும். இப்படிப் பதிவாகும் சொத்துகளில் எத்தனை பிற்பாடு அந்தப் பெண்ணின் தொழிலுக்காக அடமானமாகின்றன, எத்தனை கணவர் அல்லது மகனின் தொழிலுக்காக அடமானமாகின்றன என்பதை வில்லங்கப் பதிவுகளையும் வங்கிக் கடன் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் கண்டறியலாம். தரவு பதிவுத்துறையிடமும் வங்கிகளிடமும் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகப் பொருளியல் துறை மாநில அரசின் அனுமதியோடு இந்த ஆய்வை இப்போதே தொடங்கலாம்.